சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம்

அக்காவைச் சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. அப்பாவுக்கோ மாப்பிள்ளையை விடக் கோயமுத்தூரிலிருந்து நேராகக் கிளம்பும் விமானத்தைத்தான் அதிகம் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

"தூரமுங்க. ஒரு அவசரம்னா ஓடிப்போயிப் பாக்க முடியுமா?" என்றாள் அம்மா.

"என்ன பெரிய தூரம்? நாலு மணி நேரம். ரயில்ல மெட்ராஸ் போறதுக்கே ஏழு மணி நேரம் ஆகுது."

அப்பா அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. எங்கள் ஊர் முதலிபாளையத்தில் பத்துப் பதினைந்து தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருந்தும் அந்த நாலு மணி நேரத்தைப் பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எல்லாம் சொன்னார். எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் கம்பெனியிலிருந்து அளவு டேப்பை எடுத்து வந்து பள்ளி அட்லஸில் அளந்து பார்த்தேன். இடையில் இருந்த கடல் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. மூவாயிரம் கிலோமீட்டர் என்று டீச்சர் சொன்னதை நான் நம்பவில்லை.

கல்யாணம் முடிந்து போன அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். ஆறேழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "கண்ணு, அப்பாகிட்டக் குடு" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா இடது கையில் போனை வாங்கி வெகுநேரம் கேட்டார்.

"கொஞ்சம் பொறுத்துப் போ சாமி. அத்தன தூரத்துல இருந்து நெனச்ச ஒடனே வந்தர முடியுமா?"

"நாலு மணி நேரந்தானுங்கப்பா" என்றேன் நான்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். அப்பாவிடமிருந்து அம்மா எதையும் அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை.

"நீ கெளம்பி வா கண்ணு. டிக்கெட்டு மாமன்கிட்டச் சொல்லிப் போடச் சொல்றேன். யாருகிட்டயும் கேக்க வேண்டாம்."

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவர் காரில்தான் விமான நிலையம் போனோம். ஒரே ஒரு பையுடன் அக்கா வந்தாள். இளைத்திருந்தாள். அப்பா பையை வாங்கிக்கொண்டார். விமானத்தில் கொடுத்த கடலைப் பொட்டலத்தை அக்கா பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தாள்.

"மேல இருந்து பாத்தா என்னக்கா தெரிஞ்சுது?"

"தெரியல கண்ணு. தூங்கிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன்."

இவ்வளவு காசு கொடுத்து ஏறிவிட்டு ஜன்னலைப் பார்க்காமல் வந்தவள் மேல் எனக்குக் கோபமாக இருந்தது. மாப்பிள்ளை கைநீட்டுகிறவர் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் மறுநாளே வகுப்பு டீச்சரிடம் போய், அக்கா திரும்பிப் போகும்போது விமானம் ஏற்றிவிட எனக்கு லீவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். டீச்சர் எங்கள் வீதிக்காரர். காய்ச்சலுக்கு லீவு கேட்டாலே நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அன்று எந்த நாள் என்றுகூடக் கேட்காமல், "எடுத்துக்க சாமி" என்று என் தலையைத் தடவிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம்.