அண்ணன் கழற்ற மறுத்த மாலை

என் அண்ணன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நேரே ஒயின்ஷாப். போகப்போக சனிக்கிழமை என்ற கணக்கும் போய், தினப்படி ஆனது. கார்த்திகை பிறந்தால் மட்டும் ஐயப்பனுக்கு மாலை போடுவான். அப்புறம் சொட்டுத் தொடமாட்டான். முகம் தெளிந்துவிடும். வருடம் பூராவும் குடித்ததை அந்த விரதம் கழுவிவிடும் என்று நம்பித் தொலைத்தோம்.

ஒரு ஐப்பசியில் கண் மஞ்சளாகி, வயிறு உப்பிவிட்டது. கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பார்த்த டாக்டர் பொறுமைசாலி.

"குடிச்சா ஈரல்ல செல்லு அடிபடுதுங்க. அடிபட்டது பக்கத்துச் செல்லுக்குச் சேதி அனுப்பும், காயமாயிருச்சு, மூடுன்னு. அது தழும்பு போடும். தினமும் குடிச்சா சேதி நிக்கறதே இல்லீங்க. தழும்பும் நிக்காது."

"அப்ப துணிய விடத் தையல் அதிகமாயிருங்களா?" என்றான் அண்ணன்.

"ஆமாங்க. இப்ப நிறுத்துனா சேதி அடங்கும், மிச்சத்த வெச்சுப் பொழைக்கலாம். மறுபடி தொட்டா ஈரல் தாங்காது."

கார்த்திகை பிறக்கக் காத்திராமல் அந்த வாரமே மாலை போட்டான். மார்கழியில் மலைக்குப் போய்த் திரும்பினான். வந்தவுடன் பெற்றவள் கையால் மாலையைக் கழற்றுவது எங்கள் வழக்கம். அம்மா கிட்டே போனதும் அவன் மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இது கெடக்கட்டும்மா. இது கழுத்துல இருந்தாத்தான் நான் நிக்கறேன்."

"மலைக்குப் போயிட்டு வந்து கழட்டாம இருந்தா சாமிகுத்தம் ஆயிருங் கண்ணு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர் சொன்னதச் சொன்னனே, காதுல ஏறலியா? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது, உடும்மா!"

"நீ வாய மூடு. அதான் வெரதம் இருந்து எல்லாஞ் சுத்தமாயிருச்சே."

அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன் அவன். தலையைக் குனிந்து கொடுத்தான்.

பொங்கல் வரை வீட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தான். பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த முதல் சனிக்கிழமை தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான். பங்குனிக்குள் ரத்த வாந்தி எடுத்துப் போய்விட்டான். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. யார் மேல் என்று காட்டுவது?

துக்கம் கேட்டு வருகிறவர்களிடம் அம்மா இன்றும் ஒன்றையே சொல்கிறாள்:

"இன்னொரு கார்த்திகை வரைக்கும் இருந்திருந்தா, மாலையப் போட்டு எந்திருச்சிருப்பானுங்க."

நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.