உள்ளங்கை மேடு

1955 தை மாதம், பொங்கல் முடிந்த சனிக்கிழமை. காலை ஏழே கால் மணிக்குச் செங்கல்பட்டு சந்திப்பில் இறங்கினேன். திருச்சியிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றிருந்தது. நிலையத்துக்கு வெளியே மூன்றணாவில் நான்கு இட்லியும் ஒரு காபியும் கிடைத்தன.

எட்டு மணிக்குச் சதுரங்கப்பட்டினம் பேருந்து. புதுப்பட்டினத்துக்குப் பத்தொன்பது மைல், பன்னிரண்டு அணா.

"இன்னா சார், மகாபலிபுரம் செல பாக்கவா? இந்த வண்டி அங்க போவாதே" என்றார் ஓட்டுநர்.

"இல்லீங்க, அடி வாங்கப் போறேன்" என்றேன். திருக்கழுக்குன்றம் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

நான் சொன்னது உண்மைதான். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை பார்க்கும் நான் எட்டு வருடமாகக் குத்துவரிசை பழகுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போட்டியில் விரித்த கையால் அடித்துச் சுண்டுவிரல் ஒடிந்தது. மூன்று வாரம் வேலை இல்லை. அன்றிலிருந்து என் கை பாதி வழியிலேயே தயங்கி நின்றுவிடும். புதுப்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் காதர் கடிதம் எழுதியிருந்தார்: ஞாயிறு மாலை கடற்கரையில் போட்டி, முஷ்டி கூடாது, திறந்த கைதான், மூன்று முறை விழுந்தவன் தோற்றான்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாஸ்தா முடிந்ததும் காதர் கொல்லையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். நான் அடித்துக்கொண்டிருந்தபோது சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஜமீலாவின் குரல் கேட்டது.

"அண்ணே, அடிக்கிறப்போ வெரலு விசிறியாட்டம் விரியுது. கட்டவெரலு வெளியில நிக்குது. மறுக்கா வெரலு ஒடியும்."

காதர் சிரித்தார். "அவ அத்தா வூட்ல அண்ணன் தம்பி நாலு பேரும் குத்துவரிசைதான் மச்சான். பாத்துகினே வளந்தவ. நானே அவ பேச்சக் கேட்டுக்கினுதான் கீறேன்."

"எப்படி வைக்கணும்மா?" என்று கேட்டேன்.

"நாலு வெரலயும் ஒட்டிக்கோங்க, நுனியக் கொஞ்சம் மடக்குங்க. கட்டவெரல ஆள்காட்டி வெரலு பக்கத்துல ஒடுக்குங்க. மணிக்கட்டப் பின்னால வளைங்க. உள்ளங்கை அடியில மேடு கீதே, அடி அங்கதான் உழணும். வெரலு ஆளு மேல படவே கூடாது."

அப்படியே அடித்தேன். மூட்டை தள்ளிப் போய்த் திரும்பி வந்தது. வலி இல்லை. அந்தி சாயும்வரை அடித்தேன். திரைக்குப் பின்னால் இரண்டு முறை "ம்ம்" என்று கேட்டது, ஒரு முறை "கட்டவெரலு!"

ஞாயிறு மாலை நான்கு மணி. எதிரில் கட்டுமரக்காரர் ஆறுமுகம், என்னைப்போல இரண்டு மடங்கு தோள். முதல் இரண்டு முறை நான் எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை, வாயெல்லாம் மணல். மூன்றாம் முறை அவர் நெஞ்சைத் திறந்துகொண்டு வந்தார். விரல் ஒடியுமே என்ற பழைய பயம் தோளுக்குள் எழுந்தது. எழட்டும் என்று விட்டுவிட்டு, விரல்களை ஒட்டி, மணிக்கட்டை வளைத்து, முழுக் கையையும் விட்டேன்.

ஆறுமுகம் தொப்பென்று மணலில் உட்கார்ந்தார். கூட்டம் கத்தியது. நான் என் சுண்டுவிரலை மடக்கி நீட்டிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரிய நின்றேன். அந்த நேரத்தில் அவர் எழுந்து வந்து என்னை மூன்றாம் முறையாக வீழ்த்திவிட்டார்.

தோற்றேன். ஆனால் படுத்த இடத்திலேயே சிரித்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

திங்கள் காலை, சிலைகளையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று மாமல்லபுரத்துக்குக் கால்வாய்ப் படகு, நாலணா. ஆறுமுகம் என் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படகுத்துறைவரை வந்தார். படகுக்காரரிடம் சட்டையை விலக்கி நெஞ்சில் சிவந்திருந்த தடத்தைக் காட்டினார்.

"பாரு அண்ணாத்த, ஒரு வெரலு கூடப் பதியல. வெறும் மேடுதான். திருச்சிக்காரன் அடி!"

எங்கள் ஊரில் ஜெயித்தவன் மாலையோடு வீட்டுக்குப் போவான். தோற்றவன் தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவான். இங்கே ஜெயித்தவர், படகு வளைவு திரும்பும்வரை கரையோரமாகவே நடந்து வந்தார், பார்ப்பவரிடமெல்லாம் நெஞ்சைக் காட்டிக்கொண்டு.