நானூற்றுப் பதின்மூன்றாம் ஆள்

கோரிபில்லி பைடிராஜு எங்கள் ஹைதராபாத் அமீர்பேட்டை அலுவலகத்தில் பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். தளத்தில் அவரளவுக்கு வேலை தெரிந்தவர் கிடையாது. மனிதவளப் பிரிவுப் பெண் வருடம் தவறாமல் வந்து, "ராஜு காரு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் கொண்டு வாங்க, பர்மனென்ட் பண்ணிடலாம்" என்பாள். "ஊர்ல இருக்கும்மா, எடுத்துட்டு வரேன்" என்பார். ஊர் ஆந்திராவில் விஜயநகரத்துக்குப் பக்கம், ஒரு ராத்திரி ரயில் தூரம்தான்.

சர்டிஃபிகேட் ஊரில் இல்லை. எங்குமே இல்லை. பி.எஸ்சி.யில் புள்ளியியல் பாடம் மூன்று முறை எழுதியும் வரவில்லை. கடைசி முறை முப்பத்து மூன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். முடிவு ஒட்டிய மறுவாரமே ஹைதராபாத் வந்து, பயோடேட்டாவில் பி.எஸ்சி. என்று எழுதி, ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்துவிட்டார். வீட்டிலும் பாஸ் என்றே சொன்னார். அப்பாவும் அம்மாவும் அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்கள். நல்ல வரன் ஒன்று கூடி வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு அதே பல்கலைக்கழகத்தில் வேலை என்று தெரிந்ததும் இவரே வேண்டாம் என்றுவிட்டார். அதன் பிறகு பெண்ணே பார்க்கவில்லை. மதியம் நாங்கள் கோங்குரா ஊறுகாயைப் பங்கு போட்டுக்கொண்டு கல்லூரிக் கதை பேச ஆரம்பித்தால், அவர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவைக் கழுவ எழுந்துவிடுவார். கர்வம் பிடித்த மனிதர் என்று நினைத்திருந்தேன்.

சென்ற வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் முப்பது வருடத் தேர்வு முடிவுகள், புதிய கணினி அமைப்புக்கு மாற்றுவதற்காக எங்களிடம் வந்தன. எல்லாம் எக்ஸ்.எம்.எல். கோப்புகள். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கியதுபோல் இருக்கும்: மாணவர் என்ற பெட்டி, அதற்குள் அவர் எழுதிய ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பெட்டி, அதற்குள் பாடங்கள், அதற்குள் மதிப்பெண். இவற்றைத் திறந்து மாணவருக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று என்று தட்டையான அட்டவணைகளில் வரிசை வரிசையாக ஏற்ற வேண்டும். எந்தப் பெட்டி எந்தக் கட்டத்துக்கு என்று பைடிராஜு எழுதுவார். ஏறியது சரியா என்று நான் சோதிப்பேன். வருடங்களைப் பிரித்தபோது, 2001ஐத் தனக்குக் கொடுக்கும்படி அவரே கேட்டு வாங்கினார்.

எண்ணிக்கை எல்லாம் பொருந்திற்று. வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகம் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. புதன்கிழமை பைடிராஜு எங்கள் குழுத் தலைவி ஸ்ரவந்தியின் மேஜைக்குப் போனார்.

"ரெண்டாயிரத்து ஒண்ணுக்கு மட்டும் ஒரு பெட்டி கூடுதலா இருக்கும்மா. கருணை மதிப்பெண். மாணவர் பெட்டியோட கடைசியில, பாடத்துக்கெல்லாம் வெளிய கிடக்கு. ரிசல்ட் வந்து ரெண்டு மாசம் கழிச்சு சேர்த்திருக்காங்க. எந்தப் பெட்டி எங்க இருக்கும்னு அவங்க குடுத்த வரைவுல இது இல்ல. நானும் இடம் ஒதுக்கல."

இடம் ஒதுக்காத பெட்டியை எங்கள் நிரல் திறக்காது. திறக்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது. மதிப்பெண் முப்பத்தைந்துக்குக் கீழ் இருந்தால் 'ஃபெயில்' என்று தானே எழுதிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"டேலி ஆன கணக்கில ஏன் சார் பூதத்தைக் கிளப்புறீங்க?" என்றாள் ஸ்ரவந்தி.

"பூதம் இல்லம்மா, பாஸ் ஆனவங்க. நாமதான் ஃபெயில் போட்டு வச்சிருக்கோம்."

அவள் பேனாவை மூடினாள். "சரி. எத்தனை பேருன்னு பேரோட லிஸ்ட் குடுங்க. நாளைக்குக் காலையில பாத்துடலாம்."

சாயங்காலம் பட்டியல் எனக்கு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். மூலக் கோப்பில் நான் தனியாக எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். அதேதான். இந்த ஒன்றைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். விடுபட்ட பெயர் வந்தது.

"பைடிராஜு காரு, ஒண்ணு குறையுது."

"எது?" என்றார், தெரியாதவர்போல.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். குடும்பப் பெயர், பெயர், அப்பா பெயர் எல்லாம் இருந்தன.

"அது நான்தான்" என்றார். பிறகு, மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொல்லி முடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்போ நீங்க பாஸ் சார்!"

"திங்கக்கிழமைதான் எனக்கே தெரியும். முப்பத்து மூணை ஒரு தடவை பாக்கலாம்னு என் நம்பரைத் திறந்தேன். கீழ ரெண்டு மார்க் கிடந்தது."

"பின்ன ஏன் லிஸ்ட்லேர்ந்து எடுத்தீங்க?"

"ஸ்ரவந்தி பேர் பேரா படிப்பா. கோரிபில்லின்னு இந்த ஆபீஸ்ல வேற யாரு இருக்கா? ஃபெயில்லேர்ந்து பாஸுக்கு மாறுற லிஸ்ட்ல உங்க பேரு எப்படின்னு கேப்பா. பொய் சொல்லி உள்ள வந்தவன்னு ஆயிடும். வேலையும் போகும்."

"நீங்க சொன்னது பொய்யே இல்லையே."

"சொன்னப்போ எனக்கு அது பொய்தானே, யாதகிரி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்காக வீட்டில் யார் யார் என்னென்ன விட்டுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். கைக்கு வந்த பட்டத்தை ஒரு மனிதர் தானே அழிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நானூத்திப் பன்னிரண்டுன்னு குடுத்தா நான் சோதனையில ஃபெயில்னுதான் போடுவேன்" என்றேன்.

"நீயும் ஃபெயில் போடப் போறியா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பையை எடுத்துக்கொண்டு எர்ரகட்டா பேருந்துக்குப் போனார். அங்கே ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார்.

மறுநாள் காலைப் பட்டியலில் நானூற்றுப் பதின்மூன்று பேர் இருந்தார்கள். பைடிராஜு தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். கூட்ட அறையில் மேஜைக்கு அடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்ரவந்தி பட்டியலை ஓட்டினாள். அவர் பெயர் திரையின் கீழே வந்து, நடுவே ஏறி, மேலே போய் மறைந்தது.

"அப்பா பேருக்கு எதுக்கு இவ்வளவு அகலம்? கொஞ்சம் குறைங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "டேலியா?" என்றாள்.

"டேலி மேடம்."

"முடிஞ்சுது. அனுப்பிடுங்க." எழுந்து போய்விட்டாள். மொத்தமே நான்கு நிமிடம்.

பைடிராஜு எழுந்திருக்கவில்லை. "பேரைப் படிக்கவே இல்ல" என்றார். அந்தக் குரலில் நிம்மதி இருக்கிறதா என்று தேடினேன். எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகம் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஏற்றினோம். அவர் வரிசையில் 'பாஸ்' என்று விழுந்ததை இரண்டு பேருமாகப் பார்த்தோம். சர்டிஃபிகேட்டுக்கு அன்றே விண்ணப்பித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, யாரையும் அழைக்காமல் பையில் போட்டுக்கொண்டார். அவரை அறிந்தவர்களுக்கெல்லாம் அவர் என்றோ பாஸ் ஆனவர்.

மறுநாள் ஒரு பெட்டி தாபேஸ்வரம் காஜா இனிப்போடு வந்து மேஜை மேஜையாக நீட்டினார்.

"என்ன விசேஷம் ராஜு காரு? பொண்ணு கிடைச்சாச்சா?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கு யாராவது காஜா வாங்குவாங்களா? மறைக்கிறீங்க, பேரைச் சொல்லுங்க!"

கடைசியில் என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்று, பாகு ஒட்டிய அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன்.

"உக்காரு, உக்காரு" என்றார் மெதுவாக. "எல்லாரும் பாக்குறாங்க."