எர்லிந்தா என்று ஒரு பறவை

எங்கள் மலையில் மதியம் தாண்டினால் மேகம் சமையலறைக்குள் வந்துவிடும். அடுப்படியில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். அப்படி நான் அதிகம் கேட்ட குரல் டோன்யா எர்லிந்தாவுடையது. வயதில் மூத்தவளை எங்கள் ஊரில் டோன்யா என்போம். உப்பு கூடிவிட்டது, விறகு ஈரம், நீ நிற்கிற இடம் சரியில்லை என்று ஏதாவது ஒன்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும்.

நான் ஒஃபேலியா. பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் சமைக்கிறேன். விடிவதற்கு முன்னால் அவர்களுக்குக் காப்பியும், பச்சை வாழைக்காயை மசித்து நடுவில் பாலாடைக்கட்டி வைத்து உருட்டிய உருண்டையும் செய்து கொடுக்க வேண்டும். டோன்யா எர்லிந்தாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். அவள் அதற்கு இடம் கொடுத்தால்தானே.

அவள் புருஷன் வெட்டிய மரத்தின் கீழேயே அகப்பட்டுச் செத்தான். அப்போது அவள் சின்னப் பெண். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, அவன் கோடாலியை எடுத்து மீதி மரங்களை அவளே வெட்டினாள். சரிவு முழுவதும் புல்லாக்கி, மாடு கட்டி, பால் கறந்து ஊற்றி மகள் நார்சிசாவை வளர்த்தாள். அந்த நார்சிசா லிசார்தோவைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து மாடுகளை விற்றார்கள். புல்லை அப்படியே காடாக விட்டுவிட்டு, பறவை பார்க்கிறவர்களுக்கு விடுதி கட்டினார்கள். கிழவிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவள் முதுகு ஒடிய வெட்டிய காடு, அவள் கண்ணெதிரிலேயே திரும்பி முளைத்தது. அன்றிலிருந்து தாயும் மகளும் பேசினால் சண்டை, பேசாவிட்டால் அது பெரிய சண்டை.

அவள் கோடாலி எட்டாத பள்ளத்தில் மட்டும் பழைய காடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அங்கே ஒரு பறவை. வருகிறவர்கள் அதை எறும்புப் பிட்டா என்பார்கள். பறக்கச் சோம்பல், தரையிலேயே தத்தித் திரியும். உருண்டை உடம்பு, குச்சிக் கால், வால் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு எல்லோரையும் முறைக்கும். நார்சிசா தினமும் விடியலில் ஒரு டப்பா மண்புழுவோடு போய் நின்று, கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதைத் தன் காலடிக்கே வரவைத்துவிட்டாள். எங்கள் பக்கத்து விடுதிகளில் இப்படி வருகிற பறவைக்கு ஒரு பெயர் வைப்பது வழக்கம். ஒரு சண்டை முடிந்த கையோடு நார்சிசா இதற்குத் தன் அம்மா பெயரை வைத்தாள்.

"முறைக்கறதப் பாரேன் அக்கா, அப்படியே எங்கம்மா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

கிழவி சிரிக்கவில்லை. "வாலில்லாத குருவிக்கு என் பேரா? உன்னப் பெத்ததுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும். இனி அந்தக் காட்டுப் பக்கம் என் காலு படாது" என்றாள். சொன்னபடியே இருந்தாள். காலையில் பள்ளத்திலிருந்து "எர்லிந்தா" என்று மகள் குரல் லேசாக மேலேறி வரும்போதெல்லாம் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள்.

போன மழைக்காலத்தில் நார்சிசா காய்ச்சலில் போய்விட்டாள். சாலை சரிந்து கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

அடக்கம் முடிந்த அன்றே கிழவி லிசார்தோவுக்குக் கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் எடுத்து வைத்தாள். தானும் கறுப்பில் புகுந்தாள். வருஷம் திரும்பும்வரை அதைக் கழற்றக் கூடாது. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். லிசார்தோ அந்தக் கறுப்போடுதான் புழு டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனான். பறவை மரங்களுக்கு உள்ளேயிருந்து ஊதும். அந்த ஊதல் பனியில் மிதந்து வந்து நம் காதருகில் நின்றுவிட்டுப் போகும். ஆனால் பறவை வெளியே வரவில்லை. ஒரு நாளும் வரவில்லை.

அந்தப் பறவைக்காகத்தான் எங்கள் விடுதிக்கு ஆள் வருவதே. ஆட்களை அழைத்து வரும் பயண ஏற்பாட்டாளர்கள் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமை வருகிறவர்களும் பார்க்காமல் போனால், இனி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விடுதிக்குத்தான் போவார்களாம். லிசார்தோ விடுதியை மூடிவிட்டுத் தலைநகர் கித்தோவில் காவல்கார வேலைக்குப் போவதென்று முடிவு செய்தான்.

"அது கறுப்பப் பாத்ததே இல்லக்கா" என்றான் என்னிடம். "அதுக்குத் தெரிஞ்சது அவளோட பச்சை மழைக்கோட்டுதான்."

அந்தக் கோட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால், அவள் மாட்டிய ஆணியிலேயே தொங்கியது. யாரும் தொடவில்லை.

"அப்ப அதப் போட்டுக்கிட்டுப் போயேன். கை என்ன கட்டியா கெடக்கு?"

"வருஷம் திரும்பலையே. அத்தை மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நேரே கிழவியிடம் போனேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பொண்டாட்டி செத்து வருஷம் திரும்பல, குருவிக்காகப் பச்சை போடணுமோ? ஊருல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"ஊரா நமக்குச் சோறு போடுது?"

"எனக்கு எப்பவும் போட்டதில்லடி. அதான் அது பேசறதுக்கு நான் எடம் குடுத்ததில்ல."

"குருவி வரலேன்னா அவன் கித்தோவுக்குப் போயிருவான், பாத்துக்குங்க."

"போகட்டும். நான் பழையபடி மாடு கட்டிக்கறேன்."

அவள் ஆசைப்பட்டதே அதுதான். அது நடக்கப்போகிறது. ஆனால் சொல்லிக்கொண்டே பருப்பைக் குப்பைக் கூடையிலும் தோலைப் பானையிலும் போட்டாள். எல்லாவற்றையும் நான்தான் உட்கார்ந்து பொறுக்கினேன்.

சனிக்கிழமை விடிந்தது. வந்தவர்கள் நாலு பேர், எல்லோரும் கழுத்தில் பெரிய பெரிய கேமராவோடு. நான் காப்பிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கினேன். பனி அன்று அவ்வளவு அடர்த்தி. பாசி பிடித்த மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. நான் தூங்கிக்கொண்டே நடப்பதுபோல் இருந்தது.

லிசார்தோ முன்னால் போய் நின்று கூப்பிட்டான். பறவை உள்ளேயிருந்து ஊதியது. மறுபடி கூப்பிட்டான். மறுபடி ஊதியது. அவ்வளவுதான். நாலு பேரில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். லிசார்தோவின் முதுகைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போது பின்னால் பாதையில், பனிக்குள், பச்சையாக ஒன்று அசைந்தது. அதே கோட்டு. தோளைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிற அதே நடை. எனக்கு அந்த நிமிஷம் உயிரே இல்லை. லிசார்தோ திரும்பிப் பார்த்தான். அவன் வாய் "நார்" என்றுவிட்டு நின்றது.

வந்தது கிழவி. கோட்டு அவளுக்கு நீளம், ஓரமெல்லாம் சேறு. வந்த வேகத்தில் அவன் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினாள்.

"புருஷன்காரன் கறுப்பக் கழட்டக் கூடாது. பெத்தவள எவ வந்து கேக்கறான்னு பாக்கறேன். தள்ளு."

பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று. தொண்டையைச் செருமினாள். "எர்லிந்தா" என்றாள், வழிதப்பிய மாட்டை அதட்டுகிற மாதிரி. ஒன்றும் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை, "எர்லிந்தா, வாடி" என்றாள். இந்த முறை குரல் நடுவில் உடைந்தது. உடைந்த இடத்தில் நார்சிசா இருந்தாள்.

பெரணிச் செடிகள் அசைந்தன. அது தத்தித் தத்தி வெளியே வந்து, நின்று, கழுத்தை இழுத்துக்கொண்டு கிழவியை முறைத்தது. கிழவியும் முறைத்தாள். கேமராக்கள் படபடவென்று அடித்தன. அவள் ஒரு புழுவை எடுத்து வீசினாள், அது விழுங்கியது. இன்னொன்று வீசினாள்.

வந்தவர்களுக்கு வாயெல்லாம் பல். ஒரு அம்மாள் அழக்கூடச் செய்தாள். அடுத்த மாதமே இன்னொரு கூட்டத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து மேலே ஏறிப் போனார்கள். லிசார்தோ கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். கித்தோ பேச்சு அன்றோடு முடிந்தது.

கிழவி மட்டும் நகரவில்லை. டப்பாவில் புழு தீர்ந்த பிறகும் பறவை போகாமல் நின்றது. அதன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அவ இப்படித்தான் கூப்பிடுவாளா?"

"இல்ல அத்தை" என்றான் லிசார்தோ.

"பின்ன எப்படி? கேலியாவா?"

"கேலி பண்ணிதான் பேரு வெச்சா. கூப்பிடறப்ப அப்படியில்ல."

"எப்படின்னு சொல்லு."

அவனுக்குக் கூச்சம். என்னைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தபடி, அவள் சொல்கிற மாதிரியே, ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

"எர்லிந்தா... என் கண்ணு... பசிக்குதா ஒனக்கு? என்மேல கோவமா? பரவால்ல, வா. ஒன்ன விட்டுட்டு நான் எங்க போவேன்."

கிழவி அசையவில்லை. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பனியாகவும் இருக்கலாம்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.