பஸ் வாசலில் ஒரு சென்டர்

பாஸ்கெட்பால் வரலாற்றிலேயே பெரிய சென்டர் ஆட்டக்காரர் யார் என்று எனக்கும் அறைத்தோழி செல்விக்கும் தினமும் சண்டை. புள்ளிகளைக் குவித்தவர்தான் என்பேன் நான். கூடைக்கடியில் நின்று எதிரணியைத் தடுத்தே கோப்பைகள் வென்றவர்தான் என்பாள் அந்தத் திருநெல்வேலிக்காரி.

“சும்மா குறுக்க நின்னுகினு இருக்கறதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்று ஒருநாள் கிண்டலடித்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, சுளுக்கிய காலோடு ஒரகடத்தில் பஸ் ஏறப் போனேன். பின்னால் கூட்டம் முண்டியது. கூட வந்த செல்வி பஸ் வாசலில் கூட்டத்துக்கு முதுகைக் கொடுத்து, கைகளை விரித்து நின்றாள்.

“நீ அவசரப்படாம பைய ஏறுட்டி” என்றாள்.

ஒருவராலும் அவளைத் தாண்ட முடியவில்லை. எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் வாலாஜாபாத் வரை நின்றே வந்தாள்.

நான் இன்னும் கட்சி மாறவில்லை. ஆனால் அவளுடைய சென்டரைப் பற்றி அவள் ஆரம்பித்தால், இப்போது முழுசாகக் கேட்கிறேன்.