வேனில் ஓடப்போகும் பாடம்

எங்கள் பட்டாசு கம்பெனியில் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பயிற்சிக்கு எந்த ஆன்லைன் தளம் வாங்குவது என்று இன்று கூட்டம்.

நான் காட்டிய தளத்தில் வீடியோ, தேர்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு. முதலாளி தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ரேவதி கேட்டாள்: "போனைத்தான் கேட்லயே வாங்கி வச்சிருதோமே சார். வீடியோவை எங்கன வச்சுப் பாப்பாக?"

'உள்ளே போன் கூடாது' என்று கேட்டில் போர்டு மாட்டியதே நான்தான்.

அவள் காட்டிய தளத்தில் வெறும் ஒலிப்பாடம். "வெம்பக்கோட்டையிலருந்து ஆளுக வர்ற வேன்ல போட்டு விட்டா, கேட்டுக்கிட்டே வந்துருவாக."

"அம்புட்டுத்தான், இதையே வாங்குங்க" என்றார் முதலாளி.

சினிமாப் பாட்டை நிறுத்திப் பாடம் போட்டால் வேனில் யாராவது கேட்பார்களா? 'மாட்டார்கள்' என்று ஒருவராவது கமெண்டில் சொல்லுங்கள். மதியத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.