சாய்ந்த எழுத்தில் ஒரு பெயர்

நேற்று கைப்பேசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமக்கள் பெயர் சாய்ந்த ஆங்கில எழுத்தில், மெலிந்தும் தடித்தும், முனைகளில் சின்னச் சின்னக் கொக்கிகளோடு. வாழ்த்து அனுப்பக்கூடத் தோன்றவில்லை. செலினா அக்கா ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்ற மிதப்பு வேறு. கம்ப்யூட்டரில் இருந்த ஏழெட்டு எழுத்துருக்களில் எனக்கு உயிர் அந்த இட்டாலிக்தான். மற்றவை ஆபீஸ் கடிதம் போல விறைப்பாக நிற்கும். இது காற்றில் நடந்து போவதுபோல் லேசாகச் சாயும். ‘ஒய்’ எழுத்தின் வாலை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறந்தநாள், கிரகப்பிரவேசம், எது வந்தாலும் பெயரை அதில்தான் போடுவேன். ஒருமுறை டியூஷன் நோட்டீஸ் முழுவதையும் அப்படி அடித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“எல்லாத்தையும் சாய்ச்சா எவன்மா படிப்பான்?”

அவர் சொன்னது சரிதான். கண் அழகில் வழுக்கிக்கொண்டு போய்விடும், எழுத்தைப் படிக்காது.

செலினா அக்கா பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை செய்தவர். கணவர் அருளப்பனின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வந்தார். யாரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு கையில் இருந்தது. முதல் பிரதியைக் காட்டினேன்.

“சோக்கா கீது பாப்பா. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ சரியா பாத்துக்கினியா?”

“பாத்துட்டேன்க்கா.”

பார்க்கவில்லை.

அச்சாகி வந்த அட்டைகளைக் கட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ‘ஆர்’ வர வேண்டிய இடத்தில் ‘என்’. அருளப்பன், அனுளப்பன் ஆகியிருந்தார். முதலாளியிடம் சொல்லியிருந்தால் திட்டிக்கொண்டே மறுபடி அடித்துக் கொடுத்திருப்பார். அக்காவுக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என் வாயைக் கட்டியது. அட்டைக் கட்டை நீட்டினேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியபோது எதிரே அக்கா. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள்.

“இந்தப் பாப்பாதான் அப்பா கார்டு அடிச்சிச்சு” என்று மகளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “கல்லறைக் கல்லுலயும் அதையே வெட்டச் சொல்ட்டேன். கார்டையே குட்துட்டேன். அச்சு அசலா அதே எழுத்து” என்றார்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிறவளுக்கு அப்பா பெயர் படிக்கத் தெரியாதா? அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, “நல்லாருக்குக்கா” என்றாள். கிண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்த நான் குரோம்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன்.

அவர்களைத் தேடிப் போகத் துணிச்சல் வந்தது போன வருடம்தான். தோல் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. அக்காவைத் தெரிந்தவர் யாரும் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கும் இடம் போதாமல் அடுக்குக் கல்லறை கட்டியிருந்தார்கள். அருளப்பன் இறந்த வருடத்தைச் சொல்லிக் கேட்டேன்.

“அந்த வரிசைக் கல்லெல்லாம் எப்பவோ எடுத்துட்டாங்க மேடம்” என்றார் காவலாளி.

உங்களிடம் மறைப்பானேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.